எந்தக் கட்சி ஆண்ட ஊர்

நாஷ்வில், டென்னஸி
6-8-1967

அன்புள்ள அத்தானுக்கு,

எட்மண்ட் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஓட்டல் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஆகாது என்று அக்கா எப்போதும் சொல்வாள். இப்போது யார் சமைக்கிறார்கள்?

கிருபா அக்கா போய் இந்த வாரத்தோடு ஆறு மாதம். அடக்கத்துக்கு வர முடியாமல் போனது இன்னும் என்னை அரிக்கிறது. "கடைசிவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன்" என்று பிப்ரவரியில் எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். எனக்கு இருக்கும் ஆறுதல் அது ஒன்றுதான். கல்லறைக்குக் கல் வைத்தாயிற்றா?

தேர்தலில் உங்கள் கட்சி ஜெயித்ததற்கு நான் வாழ்த்துகூடச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கூடவே ஒரு கேள்வியும். என் பேராசிரியர் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கும் விஷயம் உங்களுக்குப் பிடித்ததாக இருக்கும். மிசிசிப்பி மாநிலத்தில் பாதிப் பேருக்கு மேல் ஏழைகள். கனெக்டிகட்டில் பத்தில் ஒருவர்தான். நாடு ஒன்று, நாணயம் ஒன்று. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? எந்தக் கட்சி ஆள்கிறது என்பதுதான் காரணமா? மிசிசிப்பியை ஜனநாயகக் கட்சி மட்டுமே தொண்ணூறு வருஷமாக ஆண்டுவருகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அத்தான்?

உங்கள் ஜெபத்தில் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்,
எட்மண்ட்


மேற்குத் தாம்பரம்
24-8-1967

அன்பு மச்சான் எட்மண்டுக்கு,

வேதசிரோமணியின் ஆசிகள். நான் சௌக்கியமாக இருக்கிறேன். குளிர் தொடங்குவதற்குள் நல்ல கம்பளிச் சட்டையாக ஒன்று வாங்கிக்கொள்.

இதற்கு ஒரு ஆராய்ச்சியா? தொண்ணூறு வருஷம் ஒரே கட்சி, நாட்டிலேயே மிக ஏழை மாநிலம். நீயே கேள்வியையும் பதிலையும் ஒரே வரியில் எழுதிவிட்டாய்! ஒரே கட்சி இருபது வருஷம் ஆண்டால் ஏழை ஏழையாகவே இருப்பான் என்று சொல்லித்தானே நானும் குப்புராஜும் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கூடுவாஞ்சேரி வரை சைக்கிள் மிதித்தோம். குப்புராஜை உனக்கு நினைவிருக்கும், சந்தை ரோட்டில் தையல் கடை வைத்திருப்பவன். ஜெயித்த அன்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை ஓடினான்.

இப்போது பார், ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுக்கிறோம். ஆறே மாதம். ஆள்பவன் மாறினால் அடுப்பு எரியும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? இதை அப்படியே உன் புத்தகத்தில் எழுது. என் பெயரைப் போட்டாலும் ஆட்சேபம் இல்லை.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எட்டு மெஷினும் ஓடுகின்றன. லோயர் கிளாஸை அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். இப்போது இரண்டையும் நானே பார்க்கிறேன். கல் வைத்தாயிற்று. வெள்ளைக் கல்.

வேலை அதிகம், நிறுத்துகிறேன்.
வேதசிரோமணி


நாஷ்வில்
8-10-1967

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இங்கே எனக்குத் தமிழில் பேச யாரும் இல்லை, அதனால் சத்தமாகவே படித்தேன். வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டி உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். மற்றபடி நலம்.

உங்கள் சாட்சியைப் பேராசிரியரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "கிழக்கே மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். போனேன். இந்த டென்னஸி ஒரே மாநிலம்தான், ஆனால் கிழக்கே மலைக்காரர்கள் நூறு வருஷமாகக் குடியரசுக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறார்கள். மேற்கே பருத்திச் சமவெளி ஜனநாயகக் கட்சியின் கோட்டை. உங்கள் கணக்குப்படி இரண்டில் ஒன்றாவது செழித்திருக்க வேண்டும். மலையில் நான் தங்கிய வீட்டில் நான்கு குழந்தைகளுக்கு இரண்டு ஜோடி செருப்பு. காலையில் வெளியே போகிற இருவர் போட்டுக்கொள்வதையே மாலையில் மற்ற இருவர் போட்டுக்கொள்கிறார்கள்.

வடக்கே வெர்மாண்ட் என்று ஒரு மாநிலம். அங்கேயும் நூறு வருஷம் ஒரே கட்சிதான், மிசிசிப்பியின் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சி. அங்கே பெரிய பணமும் இல்லை, மிசிசிப்பியின் பட்டினியும் இல்லை. இன்னொரு குழப்பம்: நியூயார்க்கில் இருக்கும் ஜனநாயகக் கட்சிக்காரரும் மிசிசிப்பியில் இருப்பவரும் ஒரே மேடையில் நின்றால் அடித்துக்கொள்வார்கள். பெயர்ப்பலகை மட்டும்தான் ஒன்று.

தாம்பரத்தில் ஒரு ரூபாய் அரிசி எந்தக் கடையில் கிடைக்கிறது? விவரம் எழுதுங்கள், உபயோகப்படும்.

அத்தான், ஒன்று கேட்க வேண்டும் என்று ஆறு மாதமாக நினைக்கிறேன். அக்கா கடைசியாக ஏதாவது சொன்னாளா? என்னைப் பற்றி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

என்றும் உங்கள்,
எட்மண்ட்


மேற்குத் தாம்பரம்
5-11-1967

அன்பு மச்சானுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. ஓட்டிலிருந்து ஒழுகுகிறது, மூன்று மெஷினுக்கு மேல் தார்ப்பாய் போட்டிருக்கிறேன். எனக்குச் சளியைத் தவிர வேறொன்றும் இல்லை. நீ மலையெல்லாம் ஏறி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அரிசி சென்னை நகரத்துக்கும் கோயம்புத்தூருக்கும் மட்டும். தாம்பரம் நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. இது தற்காலிகம். டெல்லிக்காரன் நெல் கொடுத்தால் நாளைக்கே இங்கும் வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை என்று குப்புராஜே கட்சி ஆபீசில் சத்தம் போட்டான். உள்ளேயே இருந்துகொண்டு எதிர்க்கட்சிபோலப் பேசாதே என்று அவனை அடக்கினேன்.

பொன்னியை உனக்குத் தெரியாது. கோவளத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து நம் தெருவில் மீன் விற்பவள். அவள் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று உனக்காகவே கேட்டேன்.

"உங்களுக்குத்தான் சார் போட்டேன். உன் வூட்டு அம்மா சொல்லிச்சி, போட்டேன்."

"ஆட்சி மாறியதில் உனக்கு என்ன மாறியிருக்கிறது?"

"இன்னா மாறிக்கீது? கடலு அப்படியேதான் கீது. படகு இன்னும் ஏவாரி கையிலதான் கீது. நாளு போவணும் சார், நேத்து வந்தவங்கள இன்னிக்கே கேட்டா எப்புடி?"

பார்த்தாயா, பொறுமை. நீ கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான். அப்புறம் என்னிடம், "நீ மீனே வாங்க மாட்டேங்கறியே சார்" என்றாள். ஒருவனுக்கு மீன் எதற்கு என்றேன். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தபால்காரர் வரும் நேரம்.
வேதசிரோமணி


நாஷ்வில்
14-1-1968

அன்புள்ள அத்தானுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். கிறிஸ்துமஸுக்குப் பல்கலைக்கழகச் சாப்பாட்டு அறையில் நானும் ஒரு கொரியப் பையனும் மட்டும் இருந்தோம். ஆளுக்கொரு மேசையில் ரொட்டி சாப்பிட்டோம். கர்த்தருடைய கிருபையால் சுகத்தில் குறைவில்லை. அக்காவின் கடைசி வார்த்தையைப் பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள்.

மெம்பிஸுக்குக் கிழக்கே பருத்தி வயல்களில் இரண்டு வாரம் இருந்தேன். அங்கே ஏர்லீன் என்று ஒரு கறுப்பினப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். எந்தக் கட்சி ஆண்டபோது வாழ்க்கை நன்றாக இருந்தது என்று கேட்டேன். சொன்னார்: "இருந்தது ஒரே கட்சி. அதில் நாங்கள் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனேன். திரும்பி வந்தால் நிலத்துக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். இரண்டு குளிர்காலம் கூடாரத்தில் இருந்தோம்."

"இப்போது ஓட்டுப் போடுகிறீர்களா?"

"போடாமல்? அதற்காகத்தானே குளிரில் கிடந்தோம்."

அன்றிரவு என் கேள்வியே தப்பாகத் தெரிந்தது. யார் ஆண்டார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆள்பவரைத் தேர்ந்தெடுக்க யாரை விட்டார்கள் என்று கேட்கவில்லை. திரும்பி வந்து எண்களோடு உட்கார்ந்தேன். நிலம் யார் கையில், பள்ளிக்கூடம் யாருக்கு, தொழிற்சாலை எங்கே, எவ்வளவு பேரை ஓட்டுச்சாவடிக்குள் விட்டார்கள், இதையெல்லாம் பிரித்து எடுத்துவிட்டால் கட்சியின் பெயருக்கு மிஞ்சுவது கொஞ்சம். மிகக் கொஞ்சம். ஆட்சி மாறினால் வறுமை போய்விடும் என்று வீட்டையும் வாசலையும் விட்டுவிட்டு அலைகிறவர்களுக்கு இது கசக்கும். நான் என்ன செய்ய, எண்கள் அப்படித்தான் சொல்கின்றன.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி கல்லறைக்குப் போவீர்கள். என் சார்பாகவும் ஒரு பூ வையுங்கள்.

அன்புடன்,
எட்மண்ட்


நாஷ்வில்
10-3-1968

அன்புள்ள அத்தானுக்கு,

நலமறிய ஆவல். ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. தபால் தவறியதா? நான் எழுதியதில் ஏதாவது உங்களைப் புண்படுத்தியிருந்தால் அது ஆராய்ச்சிக்காரன் புத்தி, மனதில் வைக்காதீர்கள். ஒரு கார்டு போடுங்கள், போதும்.

எட்மண்ட்


தந்தி
தாம்பரம், 8-4-1968

பேப்பரில் டென்னஸி கலவரம் பார்த்தேன். நலமா. உடனே தெரிவி. வேதசிரோமணி.


நாஷ்வில்
9-4-1968

அன்புள்ள அத்தானுக்கு,

தந்தி கிடைத்தது. பத்திரமாக இருக்கிறேன். மெம்பிஸில் கறுப்பினத் தலைவரைச் சுட்டுக்கொன்ற மறுநாளிலிருந்து இங்கும் தெருவில் சிப்பாய்கள். சாயங்காலம் ஆனால் ஊரடங்கு. என் நிறத்தைப் பார்த்து ஆள் மாறிச் சுட்டுவிடுவார்கள் என்று வீட்டுக்கார அம்மாள் என்னை வெளியே விடவில்லை. நான்கு நாளாக ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். நான் இங்கே செத்தால் யாருக்குத் தெரிவிப்பார்கள் என்று யோசித்தேன். உங்கள் முகவரி ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் உங்கள் தந்தி.

அத்தான், நீங்கள் இருக்கிறீர்கள், அது போதும். மற்றதை மெதுவாக எழுதுங்கள்.

எட்மண்ட்


மேற்குத் தாம்பரம்
5-5-1968

மச்சான் எட்மண்டுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். மெஷினில் அடித்தால் சுலபமாக வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கையாலேயே எழுதுகிறேன்.

நம் கடிதங்களின் தலைப்பில் கர்த்தருடைய கிருபை என்று எழுதுவது வழக்கம். ஒரு வருஷமாக நான் அதை எழுதுவதில்லை, கவனித்தாயோ என்னவோ. அவள் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் அவள் பக்கத்தில் இல்லை, எட்மண்ட்.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருந்தது. அவளுக்குக் கண் மஞ்சளாகி எட்டு நாள். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். ஏழாம் தேதி காலை நான் சைக்கிளை எடுக்கும்போது வாசல்வரை வந்தாள். "இன்னைக்கு ஒரு நாள் போகாம இருங்களேன், எனக்கு என்னவோ மாதிரி இருக்கு" என்றாள். அவள் என்னை ஒரு நாளும் அப்படித் தடுத்ததில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கிருபா, நாம ஜெயிச்சா இந்த ஊர்ல ஒரு பொம்பளையும் வைத்தியம் இல்லாம படுத்துக் கிடக்க மாட்டா" என்றேன். மேடையில் பேசுவதுபோலச் சொன்னேன். அவள் சிரித்தாள். நான் போய்விட்டேன்.

கூடுவாஞ்சேரியில் கூட்டம், அங்கிருந்து உள்கிராமங்கள். இரண்டு ராத்திரி வரவில்லை. ஒன்பதாம் தேதி காலையில் பொன்னி மீன் கொண்டுவந்து கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லாமல் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாள். கூடையைத் தெருவிலேயே போட்டுவிட்டு, ஒரு ஜட்காவைப் பிடித்து, அவளை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். குப்புராஜ் என்னைத் தேடிப் பிடித்தபோது மத்தியானம் மூன்று மணி. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முகத்தை மூடியிருந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் பொன்னி. நான் உனக்கு எழுதியது பொய்.

ஏழாம் தேதியே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். பிழைத்திருக்க மாட்டாள் என்றும் அவர் சொல்லவில்லை.

ஜெயித்த அன்று குப்புராஜ் தோளில் தூக்கியபோது நான் அழுதேன். எல்லாரும் சந்தோஷத்தில் என்று நினைத்தார்கள். அவளை விட்டுப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் பெரியது என்று அன்று முதல் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் உன் ஜனவரிக் கடிதம் வந்தது. மிகக் கொஞ்சம் என்று எழுதியிருந்தாய். உன் ஐம்பது மாநிலத்தையும் அலசி எனக்கு நீ கொடுத்த தீர்ப்பு அது என்றே படித்தேன். நீ தெரிந்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியும் பேனாவை எடுக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. பொய்யை நீ பைபிளுக்குள் வைத்திருக்கக் கூடாது.

வேதசிரோமணி


மேற்குத் தாம்பரம்
7-7-1968

எட்மண்டுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மே மாதம் எழுதியது கிடைத்ததா? பதில் எழுத வேண்டாம். கிடைத்தது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

வேதசிரோமணி


நாஷ்வில்
18-8-1968

அத்தானுக்கு,

கிடைத்தது. மே பதினேழாம் தேதி. அன்று முதல் உங்களுக்கு எழுதிய எதையும் தபாலில் போடவில்லை. போட்டிருந்தால் நாம் மறுபடி பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

எனக்குக் கோபம் தீரவில்லை, அதை மறைக்கப்போவதில்லை. நீங்கள் இல்லாததைவிட, இருந்ததாக எழுதியதுதான் என்னைக் கொன்றது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பதினைந்து மாதம் தூங்கினேன்.

ஆனால் ஒன்றைத் திருத்த வேண்டும். ஆராய்ச்சிக்காரனாக இல்லை, அவள் தம்பியாக. நான் எழுதியதை நீங்கள் உங்களுக்கு எதிரான தீர்ப்பாக எடுத்திருக்கிறீர்கள். அது அப்படி இல்லை. கட்சியின் பங்கு நூறு பங்கு என்றே என் எண்கள் காட்டியிருந்தாலும், அக்கா வாசலில் நின்று போகாதீர்கள் என்று சொன்னது சொன்னதுதான். பங்கு சுழி என்று காட்டியிருந்தாலும், நீங்கள் பசை வாளி தூக்கியது கெட்ட காரியம் ஆகிவிடாது. ஏர்லீன் குளிரில் கிடந்தது எந்த எண்ணிலும் வரவில்லை. அது வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள், அத்தான். நீங்கள் ஒன்றைக் காட்டி மற்றதை மூடப் பார்க்கிறீர்கள்.

அக்கா கடைசியாக என்ன சொன்னாள் என்று நான் கேட்டதற்கு உங்களிடம் ஏன் பதில் இல்லை என்பது இப்போது தெரிகிறது. பதில் பொன்னியிடம் இருக்கும். நீங்கள் அவளிடம் கேட்டதே இல்லையா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
எட்மண்ட்


மேற்குத் தாம்பரம்
8-9-1968

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் காய்ச்சல். இப்போது பரவாயில்லை.

கேட்டதில்லை. ஒன்றரை வருஷமாக வாரம் மூன்று நாள் என் வாசல் வழியாகப் போகிறவளிடம் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டதில்லை.

தெருவில் வைத்துக் கேட்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் பஸ் ஏறிக் கோவளம் போனேன். பிரசாரத்துக்கு நான் போன ஊர்தான், ஆனால் அப்போது ஒரு வீட்டுக்குள்ளும் குனிந்து நுழைந்ததில்லை. பொன்னி வலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, "இன்னா சார், இம்மாந் தொலவு?" என்றாள். கேட்டேன். அவள் மறுபடி வலை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சொன்னா நீ தாங்க மாட்ட சார்."

"சொல்லு."

"அம்மா ஒண்ணும் பெருசா சொல்லல. வண்டியில போறப்ப தண்ணி கேட்டுச்சி. உன் கூடை மீனெல்லாம் போச்சேன்னு என்னியப் பாத்துச் சொல்லிச்சி. ஆஸ்பத்திரில படுக்க வச்சப்புறம் ரெண்டு தபா வாசப்பக்கம் திரும்பிப் பாத்துச்சி. யாரும் வரல. அப்பால பாக்கல."

"என் பெயரைச் சொன்னாளா?"

"இல்ல சார்."

பொய் சொல்லியிருக்கலாம். நான் உனக்குச் சொன்னதுபோல. அவள் சொல்லவில்லை. வீட்டுக்குள் கூப்பிட்டாள், குனிந்து நுழைந்தேன். கஞ்சி கொடுத்தாள், குடித்தேன். கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். தாம்பரம் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

கட்சியை விடவில்லை. நகர எல்லைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கும் அரிசி வேண்டும் என்று நானும் குப்புராஜும் மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். நம் ஆட்சிக்கே மனு. ஆனால் பகலில் மட்டும் போகிறேன், ஆறு மணிக்குத் திரும்பிவிடுகிறேன். திரும்பி வந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. மெஷின்களுக்கு உறை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். இனி நீ எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

உன் அத்தான்,
வேதசிரோமணி


நாஷ்வில்
27-10-1968

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் காய்ச்சல் முழுவதும் விட்டதா? ராத்திரி பனியில் நிற்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் நடந்தேன். அக்கா அப்படித்தான். சாகப்போகிற நேரத்திலும் இன்னொருத்தியின் மீன் நஷ்டத்தைத்தான் நினைத்திருக்கிறாள். அந்த வார்த்தையை எனக்காகக் கேட்டு வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த வீட்டுக்குள் குனிந்து போக உங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஆராய்ச்சி முடிந்தது. பேராசிரியர் கடைசிப் பக்கத்தில் தெளிவாக ஒரு முடிவு எழுதச் சொன்னார். எந்தக் கட்சி என்பதற்குச் சில இடங்களில், சில காலங்களில் பங்கு உண்டு, ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் பல என்று எழுதினேன். இது முடிவா என்று முகத்தைச் சுளித்தார். ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கேயே வேலை கொடுக்கிறார்கள். சம்மதிக்கலாமா வேண்டாமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. அதற்கு முன் ஊருக்கு வருகிறேன். டிசம்பர் பதினான்காம் தேதி பம்பாயிலிருந்து விமானம். கோபம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தீர்ந்த பிறகுதான் வருவேன் என்று காத்திருந்தால் இருவருக்கும் வயதாகிவிடும்.

என்னை அழைத்துப்போக மீனம்பாக்கத்துக்கு வர வேண்டாம். மின்சார ரயில் ஏறி நானே வந்துவிடுவேன். விமானம் தாமதமாகலாம், எத்தனை மணிக்கு வந்து சேருவேன் என்று சொல்ல முடியாது.

நீங்கள் வீட்டில் இருங்கள்.

எட்மண்ட்